புது பேட்டரியும் தீர்ந்துபோகிறதா?

கட்டைகள் எல்லாம் ஒழுங்காகப் பேசுகின்றன. ஒலிபெருக்கியில் சத்தம் வருகிறது. ஆனால் போன மாதம் இரவு முழுக்க உட்கார்ந்து செதுக்கி வைத்த புல்லாங்குழலைக் காணோம். அது இருந்த எண்ணை அழுத்தினால் திரையில் தாறுமாறாக எழுத்துகள் ஓடுகின்றன, ஒலி என்ற பெயரில் ஏதோ ஒரு கரகரப்பு வருகிறது. ஜொகூரில் ஸ்கூடாய், மாசாய், கூலாய் பக்கம் கல்யாண மேடைக்கும் கோவில் திருவிழாவுக்கும் வாசிக்கும் குழுக்களிடம் யமஹா டிஎக்ஸ்7, ரோலண்ட் டி-50, கோர்க் எம்1 போன்ற எண்பதுகளின் சிந்தசைசர்கள் இருந்தால், இந்தப் புகார் என்றாவது ஒரு நாள் வந்தே தீரும். எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பேட்டரியை மாற்றுவது. சிலருக்கு அதோடு முடிந்துவிடும். சிலருக்கு நாலு மாதத்தில் மறுபடியும் அதே கதை. இந்த அத்தியாயம் முக்கியமாக அந்த இரண்டாவது கூட்டத்துக்கு.

முதலில் புகாரைப் பிரித்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு உழைத்த பேட்டரி இப்போது செத்தது என்றால் துப்பறிய ஒன்றுமில்லை, மாற்றினால் போதும். புதிதாகப் போட்டது சில மாதங்களில் தீர்ந்தால், அணைத்து வைத்திருக்கும் நேரத்தில் மின்சாரம் எங்கோ ஒழுகுகிறது. பேட்டரி நன்றாக இருந்தும் ஒலிகள் தொலைந்தால் அது ஒழுக்கே அல்ல, வேறு நோய். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பேட்டரிக்கு மேல் பேட்டரி வாங்கிப் போட்டு, கடைசியில் ‘இப்போ வர்ற பேட்டரி எல்லாம் டூப்ளிகேட்’ என்று கடைக்காரரைத் திட்டுவதுதான் நம்மிடம் வழக்கமாக இருக்கிறது. கடைக்காரர் மேல் பழி போடுவதற்கு முன் ஓர் எண்ணை அளந்துவிடலாம்.

கணக்கு

இந்தக் கருவிகள் ஒலி விவரங்களை எழுதி வைத்திருப்பது ஸ்டாட்டிக் ரேம் என்னும் சில்லுகளில். 6116, 6264 என்ற எண்கள் அச்சிட்ட சில்லுகளைப் பல பலகைகளில் பார்க்கலாம். கருவி ஓடும்போது அவற்றுக்கு 5 வோல்ட் கிடைக்கிறது. சுவிட்சை அணைத்ததும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி பொறுப்பேற்கிறது. எழுதியதை மறக்காமல் வைத்திருக்க இந்தச் சில்லுகளுக்கு 2 வோல்ட் போதும். வேண்டிய மின்னோட்டமும் மிகச் சொற்பம்: நல்ல நிலையில் உள்ள சில்லு ஒன்றோ இரண்டோ மைக்ரோஆம்பியர்தான் கேட்கும். ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

வழக்கமாகப் பயன்படும் சிஆர் 2032 பேட்டரியின் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். ஆக ஒரு மைக்ரோஆம்பியர் ஓடினால் ஆண்டுக்கு 8.76 மில்லிஆம்பியர்-மணி செலவாகும். கணக்குப்படி 25 ஆண்டு தாங்கும். அதற்குள் பேட்டரியே தானாக வயதாகிவிடும் என்பது வேறு விஷயம். பத்து மைக்ரோஆம்பியர் என்றால் இரண்டரை ஆண்டு. ஐம்பது என்றால் ஆறு மாதம். நூறு என்றால் மூன்று மாதம். உங்கள் பேட்டரி எத்தனை மாதம் தாங்கியது என்று நினைவிருந்தால், இதே கணக்கைத் திருப்பிப் போட்டு ஒழுக்கு எவ்வளவு என்று கருவியைத் திறக்காமலே ஊகித்துவிடலாம்.

கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி செலவாவதில்லை. வாரா வாரம் மேடை ஏறும் கீபோர்டைவிட, தைப்பூசத்துக்குத் தைப்பூசம் வெளியே வருகிற கீபோர்டில்தான் அது அதிகம் உழைக்கிறது.

திறப்பதற்கு முன்

ஒலிகளைக் காப்பாற்றுங்கள். பேட்டரியைக் கழற்றினால் உள்ளே இருப்பது போய்விடும். மிச்சம் மீதி இருப்பதை இப்போதே வெளியே எடுத்தாக வேண்டும்.

1983-இல் வந்த டிஎக்ஸ்7-இல் ஃபங்ஷன் பொத்தானை அழுத்தி 14-ஐ அழுத்தினால் பேட்டரி வோல்ட் எவ்வளவு என்று கருவியே சொல்லும். அதே ஃபங்ஷன் நிலையில் 8-ஐத் திரும்பத் திரும்ப அழுத்தினால் மிடி அமைப்புகள் வரும். அங்கே சிஸ்டம் தகவலை அனுமதிக்கும் நிலைக்கு மாற்றி, பிறகு அனுப்பச் சொல்லுங்கள். கணினியில் வந்து இறங்கும் கோப்பு 4,104 பைட் இருந்தால் 32 ஒலிகளும் முழுசாக வந்துவிட்டன. குறைவாக இருந்தால் இன்னொரு முறை அனுப்புங்கள். மலிவான யுஎஸ்பி-மிடி கேபிள்கள் சில இத்தனை நீளமான தகவலைப் பாதியில் விழுங்கிவிடும். 1984-இன் ஜூனோ-106-இல் டேப் வழிதான் எளிது. கேசட் ரெக்கார்டர் இல்லாவிட்டால் டேப் சேவ் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்குக் கம்பி போட்டு, சுருக்கப்படாத ஒலிக்கோப்பாகப் பதிவு செய்யுங்கள். எம்பி3 வேண்டாம்.

ஒலியெல்லாம் ஏற்கெனவே போய்விட்டதென்றால், ‘என்னிடம் இருந்தது தொழிற்சாலை ஒலிதான்’ என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளும் முன் குழுவில் யாரிடமாவது பழைய கேசட்டோ கார்ட்ரிட்ஜோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து வாசிப்பாளர்கள் நாதஸ்வரத்தையும் ஷெனாயையும் தாங்களே உட்கார்ந்து உருவாக்கியவர்கள். அந்த ஒலிகள் எந்த இணையதளத்திலும் கிடைக்காது.

பிறகு மின்சாரம். ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். ஜப்பானில் விற்ற கருவிகள் செகண்ட் ஹேண்டாக இங்கே நிறைய வருகின்றன. அவை 100 வோல்ட்டுக்கானவை. பின்புறத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நம் 240 வோல்ட் சுவரில் நேராகச் செருகினால், பேட்டரிப் பிரச்சினை சில நொடிகளில் மறந்துபோகும்.

பேட்டரியை நம்பலாமா?

மல்டிமீட்டரில் புது சிஆர் 2032 சுமார் 3.2 வோல்ட் காட்டும். 2.8-க்குக் கீழே போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆனால் வோல்ட்டை வைத்து ‘இன்னும் பாதி இருக்கு’ என்று சொல்ல முடியாது. இந்த வகை பேட்டரி ஆயுளின் பெரும்பகுதி முழுக்க 3 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் கிடுகிடுவென்று இறங்கிவிடும். கழற்றிய பேட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சில நொடி வைத்து அளந்தால் உண்மை தெரியும். நல்லது அசையாது, கிழடு தட்டியது 2.5-க்குக் கீழே விழும்.

பல கருவிகளில் பேட்டரி பலகையோடு ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு, பேட்டரியைச் செருகி எடுக்கும்படியான ஹோல்டர் ஒன்றைப் பற்றவைப்பது நல்லது. பேட்டரியின் உடம்பிலேயே நேரடியாக சால்டரிங் வைக்காதீர்கள். சூட்டில் உள்ளே கெட்டுப்போகும், வெடிக்கவும் கூடும். ஹோல்டரில் காசு மிச்சம் பிடிக்கவும் வேண்டாம். ஸ்பிரிங் தளர்ந்த ஹோல்டர் வீட்டில் நன்றாக வேலை செய்யும். லோரியில் ஏற்றி சிகாமட் வரை போய் இறக்கும்போது ஒரு கணம் தொடர்பு விட்டுப்போகும். அந்த ஒரு கணம் போதும்.

சிலர் கருவியை ஓடவிட்டுக்கொண்டே பேட்டரியை மாற்றுவார்கள், ஒலி போகாமல் இருக்கும் என்று. சால்டரிங் முனை ஒருமுறை வழுக்கினால் ஒலியோடு சில்லும் போகும். ஒலிகளைக் கணினிக்கு எடுத்துவிட்ட பிறகு அந்தச் சாகசம் எதற்கு?

அந்த ஒரு எண்

இனி ஒழுக்கை அளப்போம். பேட்டரியின் நேர்முனைக்கும் பலகைக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேருங்கள். கருவி அணைந்தே இருக்கட்டும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ரெசிஸ்டரின் இரு காலிலும் தொடுங்கள். ஒரு மில்லிவோல்ட் காட்டினால் ஒரு மைக்ரோஆம்பியர் ஓடுகிறது. பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம். பல பலகைகளில் பேட்டரியை அடுத்து ஒரு ரெசிஸ்டரும் டையோடும் தயாரிப்பாளரே வைத்திருப்பார். அந்த ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைப் படித்து மதிப்பைத் தெரிந்துகொண்டால், எதையும் வெட்டாமல் அதன் மேலேயே அளக்கலாம்.

பேட்டரியைப் போட்டவுடன் வரும் எண்ணை எழுதிக்கொள்ளாதீர்கள். பலகையில் உள்ள கெபாசிட்டர்கள் நிரம்பும் வரை எண் உயரமாக இருந்து மெல்ல இறங்கும். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

ஐந்துக்குள் நின்றால் குறை ஒன்றுமில்லை. மூடிவிட்டுப் போய் வாசியுங்கள். பத்து இருபது என்றால் அழுக்கையோ டையோடையோ சந்தேகிக்கலாம். நூறைத் தாண்டினால் ஏதோ ஒரு பாகம் கெட்டிருக்கிறது.

அடுத்து, ரெசிஸ்டர் அதே இடத்தில் இருக்க, கருவியைக் கவனமாக ஓடவிட்டு இன்னொரு முறை அளக்க வேண்டும். மின்னிணைப்புப் பகுதி திறந்து கிடந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அளக்கும் பழைய பழக்கத்தைக் கடைப்பிடியுங்கள். இப்போது மீட்டர் சுழியம் காட்ட வேண்டும். கழித்தல் குறியோடு எண் வந்தால் கருவியிலிருந்து பேட்டரிக்குள் மின்சாரம் போகிறது என்று பொருள். இது ஒழுக்கைவிட மோசம். சிஆர் 2032 சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரி அல்ல. அதன் ஆயுள் முழுக்கச் சேர்த்தே கொள்ளளவில் 3 சதவிகிதத்துக்கு மேல் உள்ளே போகக் கூடாது என்பது பேட்டரி தயாரிப்பாளர்கள் சொல்லும் வரம்பு. 220-இல் 3 சதவிகிதம் என்றால் 6.6 மில்லிஆம்பியர்-மணி. 20 மைக்ரோஆம்பியர் தவறான திசையில் போனால், 330 மணி நேரம் வாசித்ததிலேயே வரம்பைத் தொட்டுவிடுவீர்கள். பிறகு பேட்டரி உப்பும், கசியும்.

யார் குற்றவாளி?

முதல் சந்தேகம் டையோடு மேல். பேட்டரிக்கும் ரேமுக்கும் நடுவே அது ஒருவழிச் சாலையாக நின்று, 5 வோல்ட் பேட்டரிக்குள் போகாமல் பார்த்துக்கொள்கிறது. 5 வோல்ட் பக்கமும் அதேபோல் ஒரு டையோடோ டிரான்சிஸ்டரோ இருக்கும். அது கெட்டால் அணைத்த பிறகு பேட்டரி ரேமை மட்டும் அல்லாமல் மொத்தக் கருவியையும் சுமக்கப் பார்க்கும், சில நாளில் படுத்துவிடும். சோதிக்கும்போது ஒரு காலைத் தூக்கிவிட்டுச் சோதியுங்கள். பலகையில் இருக்கும்போது மீட்டர் சொல்வதை நம்ப முடியாது.

ஏற்கெனவே யாராவது கை வைத்த கருவி என்றால் டையோடின் எண்ணைப் படியுங்கள். ‘வோல்ட் குறைவாகத்தான் இழக்கும்’ என்று சொல்லி ஷாட்கி வகை டையோடைப் போடும் பழக்கம் சில டெக்னீஷியன்களுக்கு உண்டு. இழப்பு குறைவுதான். ஆனால் பின்திசைக் கசிவு சாதாரண சிலிக்கான் டையோடைவிடப் பல மடங்கு அதிகம், சூடு ஏற ஏற அது இன்னும் பெருகும். ஏறத்தாழ ஒவ்வொரு பத்து பாகைக்கும் இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளலாம். மதிய வெயிலில் மூடிக் கிடக்கும் வேனுக்குள் 50 பாகையைத் தாண்டுகிற நம் ஊரில் அது சரிப்படாது. சாதாரண 1என்4148 போதும்.

அடுத்து ரேம் சில்லு. பழைய சில்லுக்குப் பதில் அதே எண்ணில் வேறொன்றைப் போட்டிருந்தால், எண்ணின் பின்னொட்டைப் பாருங்கள். குறைந்த மின்செலவு வகைக்கு ‘எல்’ என்ற எழுத்து பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அது இல்லாத சில்லும் வேலை செய்யும், நன்றாகவே செய்யும். பேட்டரியை மட்டும் தின்றுவிடும்.

சில்லு சரியானதாகவே இருந்தும் அதிகம் குடிக்கிறது என்றால் அதைத் தூங்கவிடாமல் ஏதோ தடுக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. சில்லைத் தேர்வு செய்யும் கால் ஒன்று உண்டு: 6116-இல் 18-ஆம் கால், 6264-இல் 20-ஆம் கால். கருவி அணைந்திருக்கும்போது இந்தக் கால் சில்லின் மின்வழங்கு காலுக்குச் சமமான வோல்ட்டில் நிற்க வேண்டும். மின்வழங்கு கால் 6116-இல் 24, 6264-இல் 28. இரண்டுக்கும் நடுவே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் சில்லு அரைத் தூக்கத்தில் இருக்கிறது. மைக்ரோஆம்பியர் கணக்கு மில்லிஆம்பியர் கணக்காகிவிடும். அந்தக் காலை மேலே இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டரின் இணைப்பு விட்டிருக்கலாம், அல்லது அதை இயக்கும் டிரான்சிஸ்டர் கசியலாம். 6264 உள்ள சில பலகைகளில் 20-க்குப் பதிலாக 26-ஆம் காலைத் தரையோடு சேர்த்துத் தூங்க வைத்திருப்பார்கள். அங்கே 26-ஐத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டரி வழியில் உள்ள சிறு மின்பகு கெபாசிட்டரும் வயதானால் கசியும். ஒரு காலைத் தூக்கிப் பாருங்கள். மில்லிவோல்ட் விழுந்தால் அதுதான்.

விபூதி, சாம்பிராணி, கடல்காற்று

ஐரோப்பியக் கையேடுகளில் அவ்வளவாக இல்லாத ஒரு காரணம் நமக்கு உண்டு. ஜொகூரின் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழையில் துணியே காயாது. இதோடு கோவில் மண்டபத்தில் ஆண்டுக்கணக்கில் வாசித்த கருவியின் உள்ளே கற்பூரப் புகையும் சாம்பிராணிக் கரியும் விபூதித் தூளும் படிந்திருக்கும். பொந்தியான், மாசாய் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. பழைய ரிப்பேரில் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸும் சேர்ந்தால் பலகையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கடத்தும் படலம் உருவாகிவிடுகிறது. 3 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே 100 கிலோ ஓம் அளவுக்கு அழுக்கு இருந்தால் போதும், 30 மைக்ரோஆம்பியர் ஓடிவிடும். ஒரு பாகமும் கெட்டிருக்காது. வெயில் நாளில் அளந்தால் சரியாகவும் காட்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி: மீட்டர் மில்லிவோல்ட்டைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடியைத் துடைக்க ஊதுவதுபோல் ரேமையும் பேட்டரியையும் சுற்றி வாயால் ஊதுங்கள். எண் துள்ளி ஏறி, பிறகு மெல்ல இறங்கினால் குற்றவாளி அழுக்குதான். எந்த இடத்தில் ஊதும்போது அதிகம் துள்ளுகிறதோ அங்கே தொடங்குங்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, 99 சதவிகித ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான தூரிகையும் கொண்டு இரு பக்கமும் கழுவுங்கள். அழுக்கைக் கரைத்து அங்கேயே பரப்பிவிடாமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஓர் இரவு ஏர்கோன் அறையில் காயவிட்டு மறுபடி அளங்கள். துரு நீக்க விற்கும் எண்ணெய் ஸ்ப்ரேக்களைப் பலகையில் அடிக்காதீர்கள்; அது தூசியை அழைத்து உட்காரவைக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது நல்லதே, ஆனால் மாதக்கணக்கில் மாற்றாத பொட்டலத்தால் பயனில்லை.

கோர்க் பாலிசிக்ஸ்: தனிப் பிரச்சினை

1981-இல் வந்த பாலிசிக்ஸிலும் அந்தக் காலத்துச் சில கருவிகளிலும் லித்தியம் அல்ல, 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கிறது. கருவி ஓடும்போது இது சார்ஜ் ஆகும். வயதானால் தீர்வதோடு நிற்காது, கசியும். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பாலிசிக்ஸின் கேஎல்எம்-367 பலகையில் செப்புத் தடங்களை அது அரித்துவிடுவது உலகெங்கும் இந்தக் கருவி வைத்திருப்போர் அறிந்த சோகம். ஒலி தொலைவதோடு சில கட்டைகள் ஊமையாவதும் அதனால்தான்.

பாலிசிக்ஸ் உங்கள் கைக்கு வந்தால், வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் முதல் நாளே திறந்து இந்தப் பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு வினிகரால் துடைத்து, வடிநீரால் கழுவி, கடைசியில் ஆல்கஹாலால் முடியுங்கள். அரிபட்ட தடங்களை ஒவ்வொன்றாக மீட்டரால் சோதிக்க வேண்டும், பொறுமை வேண்டிய வேலை. புதிய பேட்டரியைப் பலகையில் வைக்காமல், கம்பி இழுத்துப் பெட்டியின் ஓரத்தில் தனியாக வையுங்கள். லித்தியம் போடுவதென்றால் பழைய சார்ஜ் வழியைத் துண்டித்து, ஒரு டையோடும் சேர்த்தாக வேண்டும். ‘வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றுதானே’ என்று நேராக மாற்றினால் லித்தியத்துக்குள் சார்ஜ் ஏறும். அதன் விளைவை மேலே பார்த்தோம்.

கழற்றிய பேட்டரியைச் சமையலறைக் குப்பையில் போடாதீர்கள். காட்மியம் நஞ்சு. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் பாசிர் கூடாங் பள்ளிகளை மூட வேண்டி வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. மின்கழிவு வாங்கும் மையத்தில் கொடுங்கள்.

டையோடு, ஹோல்டர் போன்றவை கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளிலும் பாலம் தாண்டினால் சிங்கப்பூர் சிம் லிம் டவரிலும் கிடைக்கும். பேட்டரியை மட்டும் பிராண்டு பெயரும் தேதியும் உள்ள அட்டையில் வாங்குங்கள். பொட்டலத்தில் உதிரியாக விற்பது எத்தனை வருடம் எந்தச் சூட்டில் கிடந்ததோ.

பேட்டரி நன்றாக இருந்தும்

3.1 வோல்ட், 2 மைக்ரோஆம்பியர், ஹோல்டரும் உறுதி. அப்படியும் சில ஒலிகள் மட்டும் கெடுகின்றன என்றால் சுவிட்சை அணைக்கும் அந்தக் கணத்தைக் கவனியுங்கள். 5 வோல்ட் இறங்கிக்கொண்டிருக்கும்போது செயலிச் சில்லு நிலைதடுமாறி ரேமில் கிறுக்கிவிடாமல் ரீசெட் சுற்று அதை நிறுத்த வேண்டும். அந்தச் சுற்று தாமதித்தால், அல்லது 5 வோல்ட் வழியின் பெரிய கெபாசிட்டர்கள் வற்றிப்போயிருந்தால், அணைக்கும் ஒவ்வொரு முறையும் சூதாட்டம்தான். மேடையில் ஜெனரேட்டர் நின்று நின்று வரும்போது இந்தக் கோளாறு உள்ள கருவி முதலில் காட்டிக்கொடுக்கும். இதற்குப் பேட்டரியைத் தொட வேண்டாம். பவர் சப்ளையைச் சரிபார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், சோதனைக்குச் சேர்த்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, ஒட்டுத்தாளில் தேதி, வோல்ட், மைக்ரோஆம்பியர் மூன்றையும் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். அடுத்துத் திறப்பவர் நீங்களாகவே இருந்தாலும் உதவும். பிறகு ஒலிகளைத் திருப்பி ஏற்றுங்கள். எம்1, டி-50 இரண்டும் நினைவு அழிந்தால் தொழிற்சாலை ஒலிகளைத் தாமாக மீட்காது. கார்டிலிருந்தோ மிடி வழியாகவோதான் ஏற்ற வேண்டும். டிஎக்ஸ்7-இல் நினைவுப் பாதுகாப்பை அணைக்காமல் அனுப்பினால் கணினி அனுப்பிக்கொண்டே இருக்கும், கருவி வாங்கிக்கொள்ளாது. ஏற்றி முடித்ததும் பாதுகாப்பை மறுபடி போட்டு, கருவியை அணைத்து, ஒரு வாரம் தொடாமல் வைத்து, மீண்டும் வோல்ட்டைப் பாருங்கள். புது பேட்டரி அந்த ஒரு வாரத்தில் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் இன்னொரு ஒழுக்கு மிச்சமிருக்கிறது. மறுபடியும் ஊதிப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.